ராணுவ அதிகாரிகளின் பழைய வாள்கள்: இராமநாதபுரம் கடற்கரை வீடுகளிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை நீளும் இக்கடற்கரையில், பழைய வீடுகளின் பரண்களிலும் பூசை அறைகளிலும் ஐரோப்பியப் பாணி வாள்கள் சில இன்றும் இருக்கின்றன. எந்தத் தாத்தா கொண்டுவந்தார், யாரிடமிருந்து வந்தது என்ற செய்தி பல வீடுகளில் மறைந்துவிட்டது. ஆனால் வாளின் மேல் உள்ள வேலைப்பாடு மறைக்காமல் சொல்லும். எந்த நாட்டில், ஏறத்தாழ எந்த ஆண்டில், எந்தப் படைப்பிரிவின் அதிகாரிக்காகச் செய்யப்பட்டது என்பதற்கு அந்த அலங்காரமே சான்று. அதைப் படிக்கும் முன்பே தேய்த்து அழித்துவிடும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருப்பதால்தான் இந்தக் கேள்விகளுக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டியதாயிற்று.

எங்கள் வீட்டில் இருப்பது அதிகாரியின் வாளா, சாதாரணச் சிப்பாயின் வாளா?

பிரிட்டிஷ் படையில் சிப்பாய்க்கும் குதிரைவீரனுக்கும் வாளை அரசு கொடுத்தது. அதிகாரி தன் வாளைத் தன் பணத்தில், தனக்குப் பிடித்த வாள்கடையில் வாங்கிக்கொண்டார். வேறுபாடுகள் எல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்து பிறக்கின்றன. அரசு கொடுத்த வாளில் கிரீடமும் அதன் கீழே ஓர் எண்ணும் கொண்ட சோதனை முத்திரை, அம்புக்குறி, படைப்பிரிவின் எண் ஆகியவை அடித்துப் பொறிக்கப்பட்டிருக்கும். அலகில் பூவேலை இராது. அதிகாரியின் வாளில் அலகு நிறையக் கொடிகளும் அரச சின்னமும், சில வேளைகளில் உரிமையாளரின் பெயர் முதலெழுத்துகளோ குடும்பச் சின்னமோ இருக்கும்; பிடியை ஒட்டிய அலகின் அடிப்பகுதியில் கடையின் பெயரும் ஊரும் காணப்படும். அரசு ஒரு மாதிரியை அறிவித்தாலும், வாங்குபவரின் வசதியும் ரசனையும் அதற்குள்ளேயே புகுந்துவிடும். ஆகவே ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு அதிகாரி வாள்கள்கூட அச்சில் வார்த்தது போல ஒத்திருப்பதில்லை.

சண்டைக்கான கருவியில் இவ்வளவு அலங்காரம் எதற்கு?

அதிகாரியின் வாள் ஆயுதம் என்பதோடு பதவியின் அடையாளமாகவும் இருந்தது. துப்பாக்கி படையின் முதன்மை ஆயுதமாகிவிட்ட பிறகு, அணிவகுப்பில் ஆணையிடவும் மரியாதை செலுத்தவும் தன் தகுதியைக் காட்டவும் வாள் பயன்பட்டது. 1796-இல் வந்த இலகுரகக் குதிரைப்படை வாள், ஜான் காஸ்பர்ட் லெ மர்ச்சன்ட் என்ற அதிகாரியின் முயற்சியால் உருவானது. நன்றாக வளைந்த அலகும் ஒற்றை வளையமாக விரலைக் காக்கும் எளிய பிடியும் கொண்ட அது வெட்டுவதற்கென்றே அமைந்தது. அதே ஆண்டின் காலாட்படை அதிகாரி வாள் நேரானது, மெல்லியது. பயன்படுத்தியவர்களே அதைப் பெரிதாகப் பாராட்டவில்லை. 1803-இல் காலாட்படையின் சில பிரிவுகளுக்குப் பிடியின் முனையில் சிங்கத்தலைக் குமிழும், கைக்காப்பில் அரசரின் பெயரெழுத்தும் கொண்ட வளைந்த வாள் வந்தது. என் கணிப்பில், பிரிட்டிஷ் காலாட்படை வாள்களில் வடிவழகு மிக்கது இதுவே.

1822-இல் வந்த மாதிரிதான் நம் பக்கத்து வீடுகளில் எதிர்பார்க்கக்கூடியது. அதைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது, பழைய மாதாகோயில் சன்னலின் வளைவுகளைப் போலப் பின்னிய பித்தளைக் கம்பிகளாலான கைக்காப்பு. நடுவே நீள்வட்டச் சட்டத்துக்குள் கிரீடமும் அரசரின் பெயரெழுத்தும் நிற்கும். பழைய வாள்களில், உடலை ஒட்டிய பக்கத்தில் ஒரு சிறு தகடு கீலில் மடங்கும். இடுப்பில் தொங்கும் வாள் சீருடையை உரசிக் கிழிக்காமல் இருக்கவே அந்த ஏற்பாடு. அந்த மடிப்புத் தகடு 1850-களின் நடுவில் கைவிடப்பட்டது. எனவே கீல் இருக்கிறதா என்று பார்த்தாலே காலத்தைப் பாதி கணித்துவிடலாம். தொடக்கத்தில் அலகின் முதுகு உருண்ட குழாய் போல இருந்தது. 1845-இல் ஹென்றி வில்கின்சன் வடிவமைத்த, இருபுறமும் பள்ளமிட்ட அலகு அதன் இடத்தைப் பிடித்தது. அலகின் நீளம் முப்பத்திரண்டரை அங்குலம், அகலம் ஏறத்தாழ ஓர் அங்குலம்.

அலகின் பாதி வரை கருநீல நிறமும் அதன்மேல் தங்கப் பூக்களும் தெரிகின்றன. இது பின்னால் பூசிய சாயமா?

சாயம் அன்று. மெருகிட்ட எஃகைச் சூடாக்கினால் மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறம் மாறி, 300 டிகிரி செல்சியசை நெருங்கும்போது ஆழ்ந்த நீலம் வரும். மேற்பரப்பில் படியும் மிக மெல்லிய ஆக்சைடு படலமே அந்த நீலம். படத்துக்குரிய இடத்தை விட்டு மற்ற இடங்களை மூடி, அமிலத்தால் அரித்து, பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசி, பாதரசத்தை ஆவியாக்கித் தங்கத்தை நிறுத்துவார்கள். இந்த வேலை செய்த தொழிலாளர்களின் உடல்நலத்தைப் பாதரச ஆவி கெடுத்தது என்பதையும் அந்த அழகைப் பார்க்கும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

நீலமும் தங்கமும் சேர்ந்த அலகுகள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளிலும் செழித்தன. பர்மிங்காமின் கில், ஆஸ்போர்ன், வூலி ஆகிய பட்டறைகளும், ஜெர்மனியின் சோலிங்கன் அலகுகளை இலண்டனில் இறக்கி விற்ற ரங்கல் என்பவரும் அக்காலத்தில் பேர் பெற்றவர்கள். இவ்வகையின் உச்சம், இலண்டன் காப்பீட்டு வணிகர்களின் லாயிட்ஸ் நாட்டுப்பற்று நிதி 1803 முதல் வீரச்செயலுக்குப் பரிசாக வழங்கிய வாள்கள். தகுதிக்கேற்ப 100 பவுண்டு, 50 பவுண்டு, 30 பவுண்டு மதிப்பு என்று மூன்று தரங்களில் அவை செய்யப்பட்டன. பெற்றவரின் பெயரும் அவர் செய்த செயலும் நீலப் பரப்பின்மேல் தங்க எழுத்தில் பொறிக்கப்பட்டன. பிடியில் கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிசின் சிங்கத்தோலும் கதாயுதமும் இடம்பெற்றன.

இந்த நீலம் மிக மெல்லியது. பித்தளை துலக்கும் களிம்பை ஒரே ஒரு முறை தேய்த்தால் போதும், இருநூறு ஆண்டு நீலம் துணியோடு வந்துவிடும். பிறகு எவராலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கைக்காப்பில் பின்னிய ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை வைத்து ஆண்டைச் சொல்ல முடியுமா?

துல்லியமான ஆண்டைச் சொல்ல முடியாவிட்டாலும் ஆட்சிக்காலத்தைச் சொல்லலாம். எண் இல்லாமல் 'ஜி', 'ஆர்' மட்டும் இருந்து, வாளின் வடிவமும் பழையதாக இருந்தால் அது மூன்றாம் ஜார்ஜ், அதாவது 1820-க்கு முந்தையது. 'ஆர்' எழுத்தோடு ரோமன் நான்கு சேர்ந்து 'ஜி' இருந்தால் 1820 முதல் 1830 வரை. 'டபிள்யூ' இருந்தால் நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை. வில்லியம் ஏழே ஆண்டுகள் ஆண்டதால் அவர் எழுத்துள்ள வாள்கள் அரியவை. 'வி', 'ஆர்' என்பது விக்டோரியா, 1837 முதல் 1901 வரை; அறுபத்து மூன்று ஆண்டுகள் நீண்ட ஆட்சி என்பதால் மாதிரியின் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் காலம் குறுகும். 1876-இல் அவர் இந்தியப் பேரரசி என்ற பட்டத்தை ஏற்றபின், அந்த இரண்டு எழுத்துகளோடு 'ஐ' சேர்ந்து வரும் வாள்களும் உண்டு. 'ஈ' எழுத்தும் ரோமன் ஏழும் ஏழாம் எட்வர்டு, 1901 முதல் 1910 வரை. 'ஜி' எழுத்தோடு ரோமன் ஐந்து வந்தால் 1910 முதல் 1936 வரை.

1895-இல் காலாட்படை அதிகாரி வாளின் பித்தளைக் கம்பிக் காப்பு போய், துளைகளால் பூவேலை செய்த எஃகுத் தகட்டுக் காப்பு வந்தது. 1897-இல் அதன் ஓரம் கீழ்நோக்கி மடிக்கப்பட்டு இறுதி வடிவம் பெற்றது. உங்கள் வீட்டு வாளின் காப்பு வெள்ளையாகப் பளபளக்கும் எஃகாக இருந்தால், அது பெரும்பாலும் இந்த வரிசையைச் சேர்ந்தது.

குமிழில் சிங்கத்தலை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி வாள் என்று சொல்லலாமா?

சிங்கத்தலை மட்டும் போதாது. 1803-ஆம் ஆண்டுக் காலாட்படை வாளிலும் சிங்கத்தலை உண்டு. 1827-ஆம் ஆண்டுக் கடற்படை அதிகாரி வாளிலும் உண்டு. கடற்படை வாளைத் தனியே அடையாளம் காட்டுவது நங்கூரம். கைக்காப்பின் கெட்டியான பித்தளைத் தகட்டில், கயிறு சுற்றிய நங்கூரமும் மேலே கிரீடமும் புடைப்பாக நிற்கும். கம்பெனியின் சின்னத்தில் உள்ள சிங்கம் வேறு: பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களில் ஒரு கிரீடத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும். அது அலகிலோ காப்பிலோ இருந்தால் மட்டுமே கம்பெனியோடு முடிச்சுப் போடலாம். ரைபிள் படைப்பிரிவுகளின் காப்பில் அரச எழுத்துக்குப் பதிலாகக் கிரீடத்தின் கீழே ஊதுகொம்பு இருக்கும்.

1950-இல் இந்தியா குடியரசானபோது படைச் சின்னங்களில் கிரீடத்தின் இடத்துக்கு அசோகச் சிங்கங்கள் வந்தன. எனவே வாளில் நாற்சிங்கமுகம் இருந்தால் அது 1950-க்குப் பிந்தையது. உச்சிப்புளியில் உள்ள பருந்து கடற்படை வானூர்தித் தளத்தின் அணிவகுப்பில் அதிகாரிகள் ஏந்தும் வாளைப் பார்த்தவர்கள், பழைய கடற்படை வாளின் சாயலை அதில் எளிதாகக் கண்டுகொள்வார்கள்.

பிடியில் சொரசொரப்பான, மணிமணியான தோல் சுற்றியிருக்கிறது. அது என்ன?

பாம்பன் மீன் ஏலத்தில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை கையிலேயே தெரியும். அது திருக்கை அல்லது சுறாவின் தோல். திருக்கையின் முதுகுத்தோலில் சாதாரண மீன்களுக்கு உள்ளது போன்ற செதில்கள் கிடையாது. பல்லின் எனாமலை ஒத்த கடினமான சிறு மணிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும், முதுகின் நடுவில் பெரிதாகவும் ஓரங்களில் பொடியாகவும். வியர்வையோ மழையோ இரத்தமோ பட்டாலும் கை வழுக்காமல் இருக்க இதைவிடச் சிறந்த உறை அக்காலத்தில் இல்லை. ஜப்பானியர் வாள்பிடியிலும் இதே தோல் உண்டு.

பிரிட்டிஷ் வாளின் பிடி பெரும்பாலும் மரம். அதில் சரிந்த வரிகளாகக் காடி வெட்டி, நனைத்த தோலை ஒட்டி, காடியோடு முறுக்கிய கம்பியைச் சுற்றுவார்கள். நெருங்கிப் பார்த்தால் அந்தக் கம்பியே ஒரு வேலைப்பாடு: தடித்த முறுக்குக் கம்பி ஒன்று நடுவிலும், எதிர்த் திசையில் முறுக்கிய மெல்லிய கம்பிகள் இருபுறமும் அமைந்து, மூன்றும் சேர்ந்து நெற்கதிர் போலத் தோற்றம் தரும். கம்பி பொன்முலாம் பூசிய செம்பாகவோ வெள்ளியாகவோ இருக்கும். தோலைக் கறுப்பாகச் சாயமிட்டதும் உண்டு, வெண்சாம்பல் நிறத்திலேயே விட்டதும் உண்டு. கடற்படை அதிகாரிகளின் பிடி வெண்மையாக இருப்பது வழக்கம்.

அந்தத் தோல் உரிந்துவிட்டது. இங்கே கிடைக்கும் திருக்கைத் தோலை வாங்கி ஒட்டலாமா?

ஒட்ட வேண்டாம். பதப்படுத்தாத தோல் காயும்போது சுருங்கி அடியிலுள்ள மரத்தையே பிளக்கும். அதில் ஊறிய உப்பு, கம்பியையும் பிடிக்குள் ஓடும் எஃகு வாலையும் அரிக்கும். மேலும், திருக்கை இனங்களில் சிலவும் வேளா மீனும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. உரிந்த துண்டை எறியாமல், அமிலமற்ற தாளில் மடித்து வாளோடு வைத்திருங்கள். பாதி தோலே இருந்தாலும் மூலத்தோல் மூலத்தோல்தான்.

அலகின் நடுவில் ஓடும் பள்ளம் இரத்தம் வடிவதற்காகவா?

இல்லை. எடையைக் குறைக்கவும், குறைந்த இரும்பில் விறைப்பு குன்றாமல் இருக்கவும் வெட்டிய பள்ளம் அது.

பூவேலை கையால் செதுக்கியதா, அமிலத்தால் அரித்ததா? எப்படி அறிவது?

நகை பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால் போதும். கையால் உளி பிடித்துச் செதுக்கிய கோட்டின் குறுக்கு வெட்டு கூரிய பள்ளத்தாக்காக இருக்கும். அதன் இரு சரிவுகளும் பளபளக்கும். கோடு தொடங்கும் இடத்தில் மெலிந்து, நடுவில் தடித்து, முடிவில் மீண்டும் மெலியும். அமிலம் அரித்த கோட்டின் அடி தட்டையாக, மணல் தூவியது போல மங்கலாக இருக்கும். ஓரங்கள் ஒரே ஆழத்தில் நிற்கும். அலகை மெழுகு போன்ற காப்புப் பொருளால் மூடி, படத்தைக் கீறி, அமிலத்தில் விடுவதே இம்முறை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தைய அதிகாரி வாள்களில் ஏறக்குறைய எல்லாமே அமில வேலைதான். அதனால் மதிப்புக் குறைவு என்று பொருளில்லை. எந்த அளவுக்கு விளிம்புகள் கூர்மையாக நிற்கின்றன, எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கின்றன என்பதே முக்கியம்.

வாள் பிறை போல வளைந்திருக்கிறது, பிடி தந்தம், விரலைக் காக்கும் வளையமே இல்லை. இது அரபு வாளா?

அரபு நாட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். பிரிட்டிஷ் தளபதியின் வாளாகவும் இருக்கலாம். எகிப்தில் மம்லூக் வீரர்கள் ஏந்திய வாளின் வடிவத்தை, 1798-இல் தொடங்கிய நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் பின் பிரெஞ்சு, பிரிட்டிஷ் அதிகாரிகள் இருசாராரும் விரும்பி ஏற்றார்கள். 1831-இல் பிரிட்டிஷ் தளபதி நிலை அதிகாரிகளுக்கு அது அதிகாரபூர்வ மாதிரியாயிற்று. குறுக்குச் சட்டத்தின் நடுவில், ஒன்றையொன்று வெட்டும் வாளும் தளபதிக் கோலும் இலைமாலைக்குள் இருந்தால் ஐயமே வேண்டாம், அது தளபதி வாள். இந்தியாவில் தந்த வணிகம் தடை செய்யப்பட்டிருப்பதால், தந்தப் பிடியுள்ள வாளை விற்பதற்கு முயலும் முன் வனத்துறையிடம் எழுத்துமூலம் கேட்டுத் தெளிவது கட்டாயம்.

பிடி நம் நாட்டுப் பிடி, அலகில் மட்டும் அயல்நாட்டு எழுத்து. இரண்டையும் யாரோ பின்னால் சேர்த்துவிட்டார்களா?

அந்தச் சேர்க்கையே பழமையானதாக இருக்கக்கூடும். ஐரோப்பிய அலகை வாங்கி இந்தியப் பிடியில் பொருத்துவது போர்த்துகீசியர் வந்த காலம் முதல் தக்காணத்திலும் தெற்கிலும் இருந்த வழக்கம். அவ்வாள்களைப் பிரங்கி வாள் என்பார்கள். தஞ்சை அரண்மனை ஆயுதச் சாலையிலிருந்து வந்து இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள ஆயுதங்களைப் பார்த்தால், தெற்கத்திய இரும்பு வேலையின் உயரம் புரியும்: யாளி வாயிலிருந்து அலகு புறப்படுவது போன்ற தாங்கிகள், இலை நுனி போல நீளும் காப்புகள்.

அலகில் ஓடும் ஓநாய் உருவம் இருந்தால் பாசாவ் அல்லது சோலிங்கன் பட்டறைகளை நினைக்கலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்றெழுத்துப் பின்னலும் அதன்மேல் 'ஏ' எழுத்தும் இருந்தால் ஆம்ஸ்டர்டாம் கிளைக்காகச் செய்த அலகு. கீழக்கரையில் டச்சுக்காரர்கள் வணிகம் செய்தவர்கள் என்பதால் இந்தக் கரைக்கு அது வியப்பான பொருளன்று. ஆனால் அந்த முத்திரையைப் போலியாகப் பொறிப்பவர்களும் மிகுதி. பிரெஞ்சு வாள்களில் பெரும்பாலும் ஊகத்துக்கு இடமில்லை: அல்சாசு பகுதியின் கிளிங்கெந்தால் தொழிற்சாலை, அலகின் முதுகில் தன் பெயரையும் மாதத்தையும் ஆண்டையும் எழுதி வைத்தது.

தலைகீழ் வழக்கமும் இருந்தது. மூசையில் உருக்கிச் செய்த 'உருக்கு' எஃகாலான கிழக்கத்திய அலகைத் தேடிப்பிடித்துத் தன் பிரிட்டிஷ் பிடியில் பொருத்திக்கொண்ட அதிகாரிகள் உண்டு. அத்தகைய அலகில் நீரலை போன்ற வரிகள் ஓடும். உருக்கு செய்யும் கலை தமிழகத்தில் தொன்மையானது. ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வு அதற்குச் சான்று தந்திருக்கிறது. 1790-களில் இந்திய உருக்கின் மாதிரிகள் இலண்டன் அறிஞர்களுக்கு அனுப்பப்பட்டன. மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை ஆராய்ந்தார். அந்த வரிகளைத் துரு என்று எண்ணி உப்புத்தாளால் தேய்ப்பதைப் போன்ற இழப்பு வேறில்லை.

இராமநாதபுரத்தில் அக்காலத்து ஆயுதங்களை எங்கே பார்க்கலாம்?

அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் பார்க்கலாம். கிழவன் சேதுபதி கட்டிய இந்த மண்டபம் இன்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. சுவரோவியங்களில் போர்க் காட்சிகளும் உண்டு. வரைந்த வாள்களையும் காட்சிக்கு வைத்த வாள், ஈட்டி, வளரிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் அமையாது. 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்ததும் இங்கேதான். வெளியேறும்போது மூண்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் என்ற கம்பெனி அதிகாரி கொல்லப்பட்டார்.

உள்ளூர் ஆயுதங்கள் ஏன் இவ்வளவு குறைவாக எஞ்சின என்றும் கேட்கிறார்கள். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பின், அவ்வாண்டு டிசம்பர் 1-இல் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பகுதியில் ஆயுதம் ஏந்துவதைத் தடை செய்தது. வீட்டு ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. பறித்தவர்களின் வாள் இன்று நம் பரணிலும், நம் முன்னோரின் வாள் கண்ணாடிப் பெட்டியில் ஒன்றிரண்டாகவும் இருப்பதற்கு அதுவே முதற்காரணம். அந்த வருத்தத்தோடுதான் இந்த வாள்களையும் நான் பார்க்கிறேன். ஆயினும், இருப்பதைப் பாதுகாத்தால்தான் அந்த வரலாற்றையும் சொல்ல முடியும்.

உப்புக்காற்றில் துரு பிடித்துக்கொண்டே இருக்கிறது. எப்படிப் பாதுகாப்பது?

இந்தக் கரையில் கச்சான் காற்றும் வாடைக் காற்றும் மாறி மாறி உப்பைக் கொண்டுவருகின்றன. காற்றிலுள்ள உப்புத்துகள் எஃகின் மேல் படிந்து, ஈரத்தை இழுத்துப் பிடித்துத் துருவை ஓயாமல் வளர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேதம் இரட்டிப்பாகும்.

முதலில், தோல் உறைக்குள் வாளை நிரந்தரமாக வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சும். அதைப் பதப்படுத்திய அமிலமும் எஃகை அரிக்கும். உறையையும் வாளையும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக வையுங்கள். கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிரிலும், சுண்ணாம்பு அடித்த ஈரச் சுவரிலும் மாட்டாதீர்கள். அலகை வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பு விரல்ரேகையாகவே துருவாக நிற்கும். பருத்திக் கையுறை அணியுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காறலெடுத்து, அமிலமாகிப் பிசினாக ஒட்டும். தையல் மிஷினுக்குப் போடும் மெல்லிய எண்ணெயை மென்துணியில் ஒரு துளி விட்டுத் துடைத்து, மற்றொரு உலர்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். அதைவிட நல்லது அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகு. மிக மெல்லிய படலமாகப் பூசினால் பல மாதங்கள் காக்கும். நீலமும் தங்கமும் உள்ள பகுதியில் எதையும் அழுத்தித் தேய்க்கக் கூடாது. செந்துரு பொடியாக உதிர்ந்தால், எண்ணெயில் ஊறவிட்டு, மூங்கில் குச்சியின் நுனியால் மெதுவாக எடுக்கலாம். கறுத்து இறுகிய பழைய படலம் வேறு. அது தீங்கு செய்வதில்லை, விட்டுவிடுங்கள்.

கைக்காப்பை ஆயுதபூசைக்கு முன் புளி போட்டுத் துலக்கும் வழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குத்துவிளக்குக்குப் புளி பொருந்தும், ஏனென்றால் அது முழுப் பித்தளை. அதிகாரி வாளின் காப்பு பல வேளைகளில் பித்தளையின் மேல் பொன்முலாம் பூசியது. புளியும் சாம்பலும் பட்டால் எஞ்சியிருக்கும் முலாம் நான்கைந்து பூசைகளில் போய்விடும். அரச எழுத்தின் விளிம்பும் மழுங்கும். அலகில் சந்தனமும் குங்குமமும் இடுவதும் ஈரத்தை அங்கேயே நிறுத்தும். பொட்டு வைத்த இடம் வட்டமாகத் துரு அரித்துக் குழிந்த அலகுகள் உண்டு. வாளை மரப்பலகையில் வைத்து, பலகைக்குச் சந்தனமும் பொட்டும் இட்டு வணங்குங்கள். பூசைக்கும் குறைவில்லை, வாளுக்கும் கேடில்லை.

கடற்கரை மணலிலோ வலையிலோ துருக்கட்டியாக ஒரு வாள் கிடைத்தால் என்ன செய்வது?

உலர விடக்கூடாது என்பதே முதல் விதி. நெடுங்காலம் கடல்நீரில் கிடந்த இரும்புக்குள் உப்பு ஊறியிருக்கும். உலர்ந்தவுடன் அந்த உப்பு படிகமாகி, இரும்பை அடுக்கடுக்காக வெடிக்கச் செய்யும். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அதே நீரில் மூழ்கிய நிலையில் வைத்திருந்து, உடனே வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். மேலே ஒட்டிய கட்டியைச் சுத்தியலால் தட்டாதீர்கள். உலோகம் முழுதும் கரைந்து, கட்டிக்குள் வாளின் அச்சு மட்டுமே எஞ்சியிருக்கவும் கூடும். நிலத்தில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கூறுகிறது.

இப்படியொரு வாளை வீட்டில் வைத்திருக்கலாமா? விற்கலாமா?

ஒன்பது அங்குலத்துக்கு மேல் அலகுள்ள வாள்கள் ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் வருகின்றன. எந்தப் பகுதியில் உரிமம் தேவை என்பதை அரசின் அறிவிக்கை தீர்மானிக்கிறது. ஆகவே ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, பதிலை வாளோடு வைத்துக்கொள்வதே நல்லது. நூறு ஆண்டைக் கடந்த வாள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்நாட்டில் தொல்பொருள் வணிகம் செய்பவருக்கு உரிமம் இருக்க வேண்டும். வெளிநாட்டு உறவினருக்குப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புவதும் குற்றமே.

போலியை எப்படி அறிவது?

டேராடூன் பகுதியில் அலங்கார வாள்கள் பெருமளவில் செய்யப்படுகின்றன. அவற்றை அலங்கார வாள் என்றே விற்றால் குற்றமில்லை. பழையது என்று விற்கும்போதுதான் சிக்கல். அசலில் அலகு, அடியில் தடித்து நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். போலியில் முழு நீளமும் ஒரே கனம். அசலின் பொறிப்பில் கிரீடத்தின் முத்துகளை எண்ணலாம். போலியில் அவை கலங்கிய புள்ளிகள். அசல் காப்பின் துளைகளுக்குள் அரத்தின் தடம் இருக்கும்; போலியில் வார்ப்பின் கொப்புளங்கள் இருக்கும். அடர்த்தியான கொடிவேலை அலகு முழுவதும் நிரம்பி, கடையின் பெயரோ அரச எழுத்தோ எங்குமே இல்லாவிட்டால் ஐயப்படுங்கள். பிரிட்டிஷ் வாளின் அடியில், ஆறு முனை நட்சத்திரத்தின் நடுவே பதித்த சிறு பித்தளை வில்லை, அலகு வளைத்துச் சோதிக்கப்பட்டதற்கான அடையாளம். அது இருப்பது நல்ல அறிகுறி.

ஜமீன் குடும்பங்களில் காணப்படும் மெல்லிய, நேரான, பட்டை தீட்டிய எஃகு மணிகளோ முத்துச்சிப்பியோ பதித்த வாள்கள் போலி அல்ல. அவை தர்பார் போன்ற அரசவை நிகழ்ச்சிகளுக்கு அணிந்தவை. அவற்றைப் போர்வாளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அலகில் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் இருக்கின்றன. யாருடையது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பல வேளைகளில் முடியும். வில்கின்சன் வாள் என்றால் அலகின் முதுகில், பிடியை ஒட்டி ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1850-களின் நடுவிலிருந்து அந்நிறுவனம் தன் அதிகாரி வாள்களுக்கு எண் இட்டுப் பதிவேடு வைத்தது. அதிலிருந்து விற்ற ஆண்டும், பல வேளைகளில் வாங்கியவரின் பெயரும் கிடைக்கும். பிற வாள்களுக்கு, கடையின் முகவரி, அரச எழுத்து, படைப்பிரிவின் சின்னம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் காலத்தைக் குறுக்கிய பின், அக்காலத்துப் படை அதிகாரிகளின் பட்டியலில் முதலெழுத்தைத் தேட வேண்டும். கம்பெனி அதிகாரிகளின் ஆவணங்கள் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும், சென்னைப் படைத்துறையின் நடவடிக்கைக் குறிப்புகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. தேடத் தொடங்கும் முன் வாளின் இருபுறம், முதுகு, காப்பின் உட்புறம், உறையின் வாய்த்தகடு ஆகியவற்றைச் சாய்வான பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நேர் வெளிச்சத்தில் மறையும் தேய்ந்த எழுத்துகள் சாய்ந்த ஒளியில் எழுந்து தெரியும்.